பள்ளிவாசல் மின்சாரமும் பாறசாலை எல்லையும்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், பாறசாலையைக் கடந்து இஞ்சிவிளையை அடைந்தால் கேரளம் முடிகிறது. களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்றுதான் இக்கோடு மாநில எல்லை என்ற தகுதியைப் பெற்றது. அதற்கு முன்பு இது திருவிதாங்கூரின் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு என்னும் அடுத்தடுத்த இரு தாலுகாக்களைப் பிரித்த வருவாய்க் கோடு மட்டுமே. தென் திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் சிறையையும் துப்பாக்கிச் சூட்டையும் பேசுகின்றன. அது இயல்பு. ஆயினும், இக்கோடு வரையப்பட்டபோது பேச்சில் இருந்த ஒன்பது தாலுகாக்களுள் எவை எந்தப் பக்கம் போயின என்பதை விளங்கிக்கொள்ள, மொழிக் கணக்கோடு மின்சாரக் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கு 1929இல் தொடங்குகிறது.

அவ்வாண்டில் சேது லட்சுமி பாயின் ஆட்சிப் பொறுப்பில் திருவனந்தபுரம் நகரத்துக்கு முதன்முதலாகப் பொது மின் வழங்கல் வந்தது. சாலைக் கடைவீதியை அடுத்து எழுந்த அனல் மின் நிலையம் மறைந்துவிட்டாலும் பவர் ஹவுஸ் சாலை என்ற பெயர் இன்னும் இருக்கிறது. இந்த நிலையத்தை நிறுவியது சமஸ்தான அரசே என்பதுதான் இங்குக் கருதத் தக்கது. அக்காலத்தில் சென்னை மாநகரத்துக்கு மின்சாரம் வழங்கிய மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் ஒரு தனியார் நிறுவனம். 1947இல்தான் அரசு அதைக் கையகப்படுத்தியது. திருவிதாங்கூரிலும் தனியார் முயற்சி இல்லாமல் இல்லை. மூணாற்றில் கண்ணன் தேவன் கம்பெனி இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே தன் தேயிலை ஆலைகளுக்காகச் சிறு நீர்மின் நிலையம் அமைத்துக்கொண்டது. ஆனால் அந்த மின்சாரம் தோட்ட எல்லையைத் தாண்டவில்லை. குடிமக்களுக்கான மின்சாரம் என்பது சமஸ்தானத்தில் தொடக்கத்திலிருந்தே பெரிதும் அரசின் துறையாகவே வளர்ந்தது.

அந்தத் துறையின் பெருஞ்செயல் பள்ளிவாசல். முதிரைப்புழை ஆற்றின் நீரை மலைச்சரிவில் இறக்கி மின்னாக்கும் இத்திட்டத்தின் பணி 1935இல் தொடங்கி, 1940 மார்ச் 19 அன்று முதல் கட்டம் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 4.5 மெகாவாட் திறனுடைய மூன்று இயந்திரங்கள், மொத்தம் 13.5 மெகாவாட். இன்றைய அளவில் இது ஒரு சிற்றூர்த் தொகுதியின் தேவை. அன்றைய திருவிதாங்கூருக்கோ இது உடனே செலவழிக்க முடியாத செல்வம். வீடுகளில் விளக்கு அரிது. நெய்யாற்றின்கரை வட்டத்தின் பலராமபுரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தெற்கிலிருந்து அழைத்துவரப்பட்ட தமிழ் பேசும் சாலியர்கள் நெய்த குழித்தறிக்கு மின்சாரம் தேவையே இல்லை. நீர்மின் நிலையத்தின் இயல்பு வேறு. முதலீடு முழுவதும் தொடக்கத்திலேயே செலவாகிவிடும். அதன் பிறகு ஓடும் நீரைப் பயன்படுத்தினாலும் வீணாக்கினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அரசு தனக்கான வாடிக்கையாளரைத் தானே தேடியது. ஆலுவாய்ப் பகுதியில் 1943இல் அலுமினியத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது; அதே காலத்தில் உருவான ஃபாக்ட் உர ஆலை 1947இல் உற்பத்திக்கு வந்தது. இரண்டும் பள்ளிவாசல் மின்சாரத்தை நம்பி எழுந்தவை. சமஸ்தானத்தின் தொழில் கொள்கை என்று பின்னர்ப் புகழப்பட்டதன் ஒரு பாதி, மிகுதி மின்சாரத்தை விற்க வேண்டிய நெருக்கடியிலிருந்து பிறந்தது என்றே சொல்ல வேண்டும்.

இதன் பின்னணியில் நின்றவர் 1936 முதல் 1947 வரை திவானாக இருந்த சி.பி. இராமசாமி ஐயர். அவரைப் பற்றிய மதிப்பீடுகள் புன்னப்புரை-வயலார் துப்பாக்கிச் சூட்டோடும் தனித் திருவிதாங்கூர் அறிவிப்போடும் முடிந்துவிடுவது வழக்கம். மின்சார வரலாற்றில் அவருக்கு இன்னொரு முகம் உண்டு. 1920களில் சென்னை அரசின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக இருந்தபோது பைக்காரா, மேட்டூர்த் திட்டங்களை முன்னெடுத்தவரும் அவரே. சென்னைக்கு நீர்மின்சாரத்தின் அருமையை உணர்த்திய அதே மனிதரின் திவான் ஆட்சியில்தான், சென்னை நீர்மின்சாரம் எடுப்பதைத் திருவிதாங்கூர் எதிர்த்தது. அந்த வழக்கு முல்லைப்பெரியாறு.

1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான குத்தகை, 8000 ஏக்கர் நிலத்தை ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் 999 ஆண்டுகளுக்குச் சென்னை அரசுக்கு அளித்தது. பாசனத்துக்காகக் கிழக்கே திருப்பப்பட்ட அந்த நீர் மலையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் விழும் இடத்தில் மின்சாரம் எடுக்கலாம் என்பது பின்னர் எழுந்த யோசனை. குத்தகை எழுதப்பட்டபோது நீர்மின்சாரம் என்ற பொருளே தென்னிந்தியாவில் அறியப்படவில்லை. அவ்வாறாயின் பத்திரத்திலுள்ள சொற்கள் அதையும் உள்ளடக்குமா? இரு தரப்பும் நியமித்த நடுவர்களான டேவிட் தேவதாஸும் வி.எஸ். சுப்பிரமணிய ஐயரும் உடன்படவில்லை. வழக்கு தலைமை நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் போனது. 1941 மே 12 அன்று அவர் அளித்த தீர்ப்பு திருவிதாங்கூருக்குச் சாதகமாக அமைந்தது: நீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்தவே சென்னைக்கு உரிமை உண்டு, மின்சாரத்துக்கு இல்லை. பொருண்மையியலில் ஆர்வமுள்ளோர் இவ்வழக்கைப் படிக்க வேண்டும். ஒரு சொல் எழுதப்பட்ட காலத்தில் இல்லாத பொருளுக்கு அச்சொல் விரியுமா என்ற பழைய வினாவுக்கு, பல்லாயிரம் கிலோவாட்டுகளைப் பணயமாக வைத்து விடை தேடிய வழக்கு அது.

ஆக, நாடு விடுதலை பெறும்போது திருவிதாங்கூரின் கிழக்கு மலைகள் இரு வகையில் விலைமதிப்புடையனவாக இருந்தன. பள்ளிவாசல் தேவிகுளம் தாலுகாவில் இருந்தது. பெரியாற்று நீர்த்தேக்கம் பீர்மேடு தாலுகாவில் இருந்தது. இவ்விரு பெயர்களும் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் சென்னையோடு இணைக்கக் கோரிய ஒன்பது தாலுகாக்களின் பட்டியலில் இருந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என்பது அப்பட்டியல். 1954 ஜூலையில் நேசமணி கைதானது நாகர்கோவிலில் அன்று, தேவிகுளத்தில். அவ்வாண்டு ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு, மலையில் தொடங்கிய மோதலின் தொடர்ச்சியே. தெற்குத் தாலுகாக்களின் கோரிக்கையாக மட்டும் இப்போராட்டத்தை நினைவுகூர்வது, அதன் பாதியை விட்டுவிடுவதாகும்.

1955 செப்டம்பரில் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தில் பசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகிய மூவர் இருந்தனர். மொழி ஒன்றே அளவுகோலாக முடியாது என்பது அவர்களின் பொதுக் கொள்கை. தெற்கே நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னைக்கு அளிக்க அவர்கள் பரிந்துரைத்தனர். அங்கே தமிழரின் பெரும்பான்மை ஐயத்துக்கு இடமில்லாதது. நெய்யாற்றின்கரையை மறுத்தனர், அங்கே மலையாளம் பேசுவோர் பெரும்பான்மை. இதுவரை அளவுகோல் மொழிதான். தேவிகுளத்திலும் தமிழர் பெரும்பான்மையே. ஆனால் அங்கே அளவுகோல் மாறியது. தமிழரில் பெரும்பகுதியினர் தோட்டத் தொழிலாளர்கள், நிலைத்த குடிகள் அல்லர் என்பதும், மக்கள் நெருக்கம் மிகுந்த மாநிலம் அந்த மலைநிலத்தை இழக்கவியலாது என்பதும் முன்வைக்கப்பட்டன.

மக்கள் நெருக்கம் என்ற வாதம் பொய்யன்று. ஆயினும் 1955இல் திருவிதாங்கூர்-கொச்சியின் பொருளாதாரம் என்று எவர் பேசினாலும் பள்ளிவாசலை ஒதுக்கிவிட்டுப் பேசியிருக்க முடியாது. அதன் கீழே, அதே நீரை மீண்டும் பயன்படுத்தும் 48 மெகாவாட் செங்குளம் நிலையம் 1954இல்தான் இயங்கத் தொடங்கியிருந்தது. மாநிலத்தின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் ஒரே தாலுகாவிலிருந்து வந்தது. நெய்யாற்றின்கரைத் தமிழருக்கு எண்ணிக்கை போதவில்லை என்று சொல்லப்பட்டது. தேவிகுளத் தமிழருக்கு எண்ணிக்கை போதுமாயிருந்தும் உதவவில்லை. ஒரே அறிக்கையில் இவ்விரு முடிவுகளும் அருகருகே நிற்பதை, ஆணைய உறுப்பினர் ஒருவர் மலையாளி என்ற ஒற்றைக் காரணத்தால் விளக்கும் பழக்கம் தமிழ் மேடைகளில் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் முதிரைப்புழையில் ஓடிக்கொண்டிருந்தது.

புதிய கேரளத்தில் 1956 நவம்பர் முதல் குடியரசுத் தலைவர் ஆட்சி. 1948ஆம் ஆண்டின் மின்சார வழங்கல் சட்டம் ஒவ்வொரு மாநிலமும் தன் மின் துறையை ஒரு வாரியமாக மாற்ற வேண்டும் என்றது. அதன்படி கேரள மாநில மின் வாரியம் 1957 மார்ச் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. ஈ.எம்.எஸ். அமைச்சரவை பதவியேற்றது ஏப்ரல் 5. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு வருவதற்கு ஐந்து நாள் முன்பு, மாநிலத்தின் மிகப் பெரிய பொதுச் சொத்துகளுள் ஒன்று தனிச் சட்ட அமைப்பின் கைக்குப் போய்விட்டது. திட்டமிட்ட செயல் என்று சொல்வதற்கில்லை. சட்டத்தின் காலக்கெடுவும் தேர்தல் நாட்காட்டியும் அவ்வாறு அமைந்தன. சென்னை மாநில மின் வாரியம் அவ்வாண்டு ஜூலை 1 அன்று அமைந்தது. ஒரே அரசின் கீழ் வளர்ந்த நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் இவ்வாறு எட்டு மாதங்களில் இரு மாநிலங்களாகவும் இரு வாரியங்களாகவும் பிரிந்தன.

வாரியம் என்ற ஏற்பாட்டின் நோக்கம் அன்றாட அரசியலிலிருந்து மின்சாரத்தை விலக்கி வைப்பது. ஆனால் கொள்கை சார்ந்தவற்றில் அரசின் ஆணைகளை வாரியம் பின்பற்ற வேண்டும் என்ற விதி 1956ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நுழைந்துவிட்டது. எது கொள்கை, எது நிர்வாகம் என்று பிரிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரே வாரியத்தை நடத்துகிறார் என்பது அடுத்த நாற்பது ஆண்டுகளில் இரு மாநிலங்களிலும் தெளிவாயிற்று. கட்டணம், இணைப்பு, ஆள்சேர்ப்பு அனைத்தும் கொள்கையாயின.

இங்கே சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தின் போர்டு என்பதற்குத் தமிழ்நாடு தேர்ந்தது வாரியம். முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என வரும் சொல் அது. அக்கல்வெட்டுகளின்படி, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். சொல்லை எடுத்துக்கொண்டவர்கள் விதியை விட்டுவிட்டார்கள். இலங்கைத் தமிழர் மின்சார சபை என்றனர். மலையாளம் போர்டு என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, மின்சாரத்துக்கு வைத்யுதி என்ற வடசொல்லை ஏற்றது. மின்னல் என்ற சொல் அம்மொழியில் உயிரோடிருந்தும் அதிலிருந்து புதுச்சொல் ஆக்கவில்லை. பாறசாலையிலும் களியக்காவிளையிலும் பேச்சில் இருப்பது இவற்றுள் எதுவுமன்று. இரு பக்கமும் கறண்டு போகிறது, கறண்டு வருகிறது, லைன்மேன் வருகிறார். பிரிவு அலுவலகத்தின் பெயர்ப்பலகையிலும் பட்டியலிலும்தான் மொழி பிரிகிறது.

மின்சாரம் பிரிந்த விதத்தை நீர் பிரிந்த விதத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். நெய்யாறு அணைத் திட்டம் மாநிலப் பிரிவினைக்கு முன்பே வகுக்கப்பட்டது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டுக்கும் பாசனம் தருவதாக இருந்தது. எல்லை இடையில் விழுந்த பிறகும் கால்வாய் அப்படியே இருந்தது, நீரும் வந்தது. 2004இல் கேரளம் நீரை நிறுத்தியது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. கால்வாய் நீரைத் தொடக்கத்தில் எவரும் எல்லையில் வைத்து அளந்து விற்கவில்லை. ஆகவே அது உரிமையா, சலுகையா என்ற தகராறு பின்னால் வந்தது. மின்சாரம் அளவியின் வழியே மட்டும் பாயும் பொருள். எவ்வளவு, என்ன விலை என்பது முதலிலேயே எழுதப்பட்டாக வேண்டும். எழுதப்பட்ட இடங்களில் தகராறு குறைந்தது.

முல்லைப்பெரியாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1941ஆம் ஆண்டுத் தீர்ப்பு தடுத்த மின்சாரத்தைச் சென்னை மாநிலம் 1950களின் இறுதியில் லோயர் கேம்ப்பில் எடுக்கத் தொடங்கியது. அதற்கான முறையான ஒப்பந்தம் 1970 மே 29 அன்றுதான் கையெழுத்தானது. 1954 நவம்பரிலிருந்து முன்தேதியிட்டுச் செல்லும் என்றும் ஏற்கப்பட்டது. நிலக் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மின்சாரத்துக்குத் தனித் தொகை வகுக்கப்பட்டது. அணையின் உயரமும் வலிமையும் பற்றிப் பின்னர் எவ்வளவோ வழக்குகள் நடந்தன. மின்சாரப் பகுதி அவற்றில் மையப் பொருளாகவில்லை. அதே காலத்தில், பழைய திருவிதாங்கூர்த் தெற்கின் மலையில் தமிழ்நாடு கோதையாற்றுத் திட்டத்தை முடித்தது: இரு நிலையங்கள், 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டும்.

கேரளம் மலையை மேலும் நம்பியது. சபரிகிரி, பின்னர் 1976இல் இடுக்கி. 1980களின் வறட்சிகளில் மழை பொய்த்தபோதெல்லாம் மின்வெட்டு வந்தது. அமைதிப் பள்ளத்தாக்குப் போராட்டத்துக்குப் பின் புதிய அணை கட்டுவது அரசியல் அளவில் இயலாததாயிற்று. நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே ஒரு மாற்று முயற்சி நடந்தது. விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரருகே சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்றிய அரசின் பெருங்கடல் மேம்பாட்டுத் துறையும் 1991இல் 150 கிலோவாட் அலைமின் நிலையத்தை இயக்கிப் பார்த்தன. ஆய்வுக்கு அது பயன்பட்டது, மின் வழங்கலுக்குப் பயன்படும் அளவுக்கு வளரவில்லை, பின்னர்க் கைவிடப்பட்டது. இன்று கேரளம் தன் தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்து பெறுகிறது. கூடங்குளத்தின் பங்கும் அதில் அடங்கும். அதைக் கொண்டுவரும் திருநெல்வேலி-இடமண்-கொச்சி உயரழுத்தத் தொடர், நில எதிர்ப்புகளால் ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டு 2019இல் நிறைவேறியது. தேவிகுளத்து மின்சாரத்தைக் காக்க வரையப்பட்ட எல்லையைக் கடந்து, தமிழ்க் கடற்கரையிலிருந்து மின்சாரம் வடக்கே போகிறது.

இந்த மாற்றத்தோடு மேற்பார்வையின் வடிவமும் மாறியது. தமிழ்நாடு 1999இலும் கேரளம் 2002இலும் ஒழுங்குமுறை ஆணையங்களை அமைத்தன. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. அரசு மானியம் அளிக்க விரும்பினால் அத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்றது. தமிழ்நாட்டு வாரியம் 2010 நவம்பர் 1 அன்று நிறுவனங்களாகப் பிரிந்தது. கேரள வாரியம் துண்டாடப்படாமல் 2013இல் ஒரே கம்பெனியாயிற்று. தமிழ்நாடு 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றது. கேரளம் 2017 மே மாதம் அனைத்து வீடுகளுக்கும் இணைப்பு என்று அறிவித்தது. இவ்விரு அறிவிப்புகளும் இரு வேறு அரசியல் மரபுகளைக் காட்டுகின்றன. எல்லையின் ஒரு புறம் மின்சாரம் விலையில் தளர்ந்தது. மறுபுறம் பரப்பில் நிறைந்தது.

எல்லையின் வடபுறத்தில் தங்கிவிட்ட தமிழருக்கு இதில் தனித்த ஒரு சிக்கல் உண்டு. கேரள அரசு மொழிகள் சட்டம், 1969, மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் எழுதலாம், சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம், விடையும் அம்மொழியிலேயே தரப்பட வேண்டும் என்கிறது. சட்டத்தின் சொல் அரசு. மின்சாரம் சமஸ்தானத்தின் துறையாக இருந்திருந்தால் அச்சொல்லில் ஐயத்துக்கு இடமிருந்திராது. சட்டம் இயற்றப்படுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அது வாரியமாகிவிட்டது, இப்போது கம்பெனி. மின் நுகர்வோர் குறைதீர் மன்றமும் குறைகேள் அதிகாரியும் 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தவை. அச்சட்டம் மொழியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பள்ளத்தாக்கில் விழும் நீருக்கு 1886ஆம் ஆண்டுப் பத்திரத்தின் சொற்கள் விரியுமா என்று 1941இல் கேட்கப்பட்டதைப் போல, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் அரசு என்ற சொல் மின் கம்பெனியின் பிரிவு அலுவலகம் வரை விரியுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.